ஜுல்மிராவின் ஓட்டு

கச்சுப்பா, வைத்த அன்று வெறும் சோளக்கஞ்சிதான். மறுநாள் காலையில் வெங்காயம் போட்டு வறுத்து, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால்தான் சாப்பாடு. ஆறுவதற்குள் சாப்பிடு, இவேத். உன் அம்மா ஜுல்மிராவும் இங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

உன் அம்மாவை ஏன் அனுப்பினார்கள் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். என்மேல் வழக்குப் போடும் காலம் தாண்டிவிட்டதாக என் வக்கீல் சொல்லிவிட்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மேட்டுத்தெருப் பள்ளியை மூடப் பார்த்தார்கள். அங்கே படித்தது முழுக்க கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த நம் ஆட்களின் பிள்ளைகள். மீன் வெட்டவும் கிரான்பெரி பறிக்கவும் மாசசூசெட்ஸுக்கு நம்மைக் கூப்பிட்டவர்களுக்கு, நம் பிள்ளைகளின் படிப்புச் செலவு மட்டும் கசந்தது. பள்ளிக் குழுத் தேர்தலில் நான் நின்றேன். வீடு வீடாகப் போய் வாக்காளர் பெயர்களைப் பதிந்தேன். தெருவில் பாதிப் பேர் பச்சை அட்டைக்காரர்கள், குடியுரிமை இல்லாதவர்கள். அவர்களை விட்டால் ஜெயிக்க முடியாது.

உன் அம்மா ஒருத்திதான் கேட்டாள்.

"அடெலினோ அண்ணே, பச்சை அட்டைக்காரங்க ஓட்டுப் போடலாமா? வம்பு ஒண்ணும் வந்துடாதே?"

"வரி கட்றியா, இல்லையா?"

"சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சிக்கிறானுங்களே."

"அப்புறம் என்ன? உன் பொண்ணு படிக்கிற ஸ்கூலு. தாராளமா போடலாம்."

"ஜெயிச்சதும் எங்களை மறந்துடாதீங்க" என்று சிரித்தாள்.

அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வாக்காளர் படிவத்தில் குடிமகளா என்ற இடத்தில் ஆம் என்று குறித்தது நான். குடியுரிமை இல்லாதவர்கள் ஓட்டுப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டம் நியாயமானது என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

ஜெயித்தேன். பள்ளி பிழைத்தது. உன் அம்மா என் வாசலில் வந்து ஆடினாள்.

சில வருடம் கழித்து, ஊரில், ஃபோகு தீவில் விட்டுவந்த உன் அண்ணனைச் சீக்கிரம் அழைத்துக்கொள்ள அவள் குடியுரிமைக்கு மனுப் போட்டாள். எப்போதாவது ஓட்டுப் போட்டாயா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ஆமாம், எங்கள் பள்ளிக்காகப் போட்டேன் என்று நிமிர்ந்து சொன்னாளாம். மனு தள்ளுபடியானது. பிறகு நாடு கடத்தும் வழக்கு வந்தது.

அவளுடைய வக்கீல் என்னைத் தேடி வந்தாள். "அவங்க கேட்டாங்க, போடலாம்னு நீங்க சொன்னீங்க. கோர்ட்ல அதை மட்டும் சொல்லுங்க சார். அவங்க தெரிஞ்சு செய்யலைன்னு காட்ட வேற வழியில்ல."

சொன்னால் நான் சிறைக்குப் போவேன். நான் பதிந்த மற்ற வீடுகளையும் தோண்டுவார்கள். பள்ளியை மறுபடி மூடுவார்கள். ஒரு வீடா, ஒரு தெருவா? என் இடத்தில் யாராக இருந்தாலும் இப்படித்தான் யோசிப்பார்கள்.

கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன்: கூடாது என்று தெளிவாக எடுத்துச் சொன்னேன், அவளாகவே செய்துகொண்டாள்.

உன் அம்மா திட்டவில்லை. "அண்ணன் மறந்திருப்பாரு" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாள். எனக்குக் கேட்டது.

அவள் போனாள். உன்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் பதிந்த மற்றவர்களிடம் குடியுரிமைப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். இன்றுவரை யாரும் போகவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

ஆக, பொய்ச் சத்தியம் செய்தவன் நான்தான். உன் அம்மாவை அனுப்பியவனும் நான்தான். வருத்தப்பட்டால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்றால், மன்னித்துக்கொள், அது என்னிடம் இல்லை. ஜன்னலைத் திற. பள்ளிக்கூடச் சத்தம் கேட்கிறதா?

நீ இங்கே பிறந்தவள். பதினெட்டும் முடிந்துவிட்டது. உன்னை யாரும் எதுவும் கேட்க முடியாது. ஏப்ரலில் பள்ளிக் குழுவுக்கு மறுபடி நிற்கிறேன். அப்படிப் பார்க்காதே, இவேத். உன் அம்மா இங்கே இருந்திருந்தால் எனக்குத்தான் போட்டிருப்பாள்.