கேள்வி கேட்டால்தான் சாப்பாடு

மேடையில் வீற்றிருக்கும் டீன் கிரஹாம் ஹால்வர்சன் அவர்களே, அவருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களே, உங்களுக்கு வணக்கம் சொல்வது முறை. சொல்லிவிட்டேன். இனி மனதார வணங்க வேண்டியவர்களை வணங்கிக்கொள்கிறேன். தெற்கே மிசிசிப்பி மாநிலத்திலிருந்து இந்தப் பனியில் பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வெர்லீன் அக்கா அவர்களே! மறைந்த நம் பேராசிரியர் ஒடெஸா கிம்ப்ரோவின் உடன்பிறந்தவரே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் போஸ்ட்டாக் தோழர்களே! உங்களுக்கு வெண்டெல் சோசியின் வணக்கம்.

நான் அழத்தான் வந்தேன். எனக்கு முன்னால் பேசிய டீன் அவர்கள் அந்த அழுகையை நிறுத்திவிட்டார். என்ன சொன்னார், கேட்டீர்களா? ஒடெஸா நடத்திவந்த வெள்ளிக்கிழமைப் பேச்சுகள் இனி கிடையாதாம். அதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒருமுறை, வெளியூரிலிருந்து பேர்பெற்ற அறிஞர் ஒருவரை வரவழைத்து, 'ஒடெஸா கிம்ப்ரோ நினைவுச் சொற்பொழிவு' நடத்துவார்களாம். அந்த அம்மாவின் பெயரை வைத்தே அந்த அம்மாவின் வேலையை மூடுகிறார்கள்! இதற்கு மேடையில் கைதட்டல் வேறு!

ஊரிலிருந்து வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். முனைவர் பட்டம் வாங்கியும் நிரந்தர வேலை கிடைக்காமல், இன்னொருவர் ஆய்வகத்தில் ஒப்பந்தத்துக்கு உழைக்கிறவர்கள்தான் போஸ்ட்டாக்குகள். அவர்களிலும் கறுப்பர்கள், பூர்வகுடியினர், மெக்சிகோவிலிருந்து வயல் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என்று பார்த்தால் எங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்டுபிடிப்பது நாங்கள். மேடையேறிப் பேசுவது ஆய்வகத்துப் பெரிய தலை. இதைப் பொறுக்க முடியாமல்தான் மண்ணியல் பேராசிரியர் ஒடெஸா கிம்ப்ரோ ஒரு கூடத்தைப் பிடித்து, வெள்ளிக்கிழமை மதியம் ஊரார் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துபோட்டார். உங்கள் ஆய்வை நீங்களே பேசுங்கள் என்றார்.

முதல் பேச்சு என்னுடையது. ஆடு மேய்ந்த நிலத்தில் புல் எப்படித் திரும்பி வருகிறது என்பது என் ஆய்வு. என்னை அறிமுகப்படுத்தியவர் யார்? இதோ இந்த டீன் அவர்கள்தான். "நவஹோ பூர்வகுடிக் குடும்பத்துல கல்லூரி வாசலையே பாக்காதவங்களுக்கு நடுவுல பொறந்து, எவ்வளவோ கஷ்டப்பட்டு மேல வந்த தம்பி" என்றார். புல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்டைப் பற்றியும் இல்லை. கூடத்தின் நடுவிலிருந்து ஒடெஸா எழுந்தார்.

"கிரஹாம், இவங்க அம்மா பள்ளிக்கூட டீச்சர். எம்.ஏ. படிச்சவங்க. இதை யார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றீங்க?"

"இல்ல ஒடெஸா, பொதுவா இவங்க ஆளுங்க எல்லாம்..."

"பொதுவாவா? உங்க அம்மா என்ன படிச்சாங்கன்னு நாங்க யாராவது பொதுவா பேசினோமா? உக்காருங்க. புல்லைப் பத்திக் கேக்கத்தான் வந்தோம்."

அன்றைக்குப் பிறந்ததுதான் ஒடெஸாவின் வழக்கம். அறிமுகம் என்றால் பேசுகிறவரின் பெயர், அவர் ஆய்வில் கேட்கும் கேள்வி, அவ்வளவுதான். ஏழை, அகதி, முதல் தலைமுறைப் பட்டதாரி, பாவம் என்ற பேச்சே அந்தக் கூடத்தில் எடுக்கக்கூடாது. எங்களைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை, காதைக் கொடுத்தால் போதும் என்பார்.

அடுத்து அந்த சாண்ட்விச் சண்டை! பேராசிரியர்கள் வருவார்கள், பின்பக்கத்து மேஜையில் சாண்ட்விச்சை எடுப்பார்கள், பேச்சு தொடங்குமுன் நழுவிவிடுவார்கள். ஒடெஸா பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை மேஜையைத் தூக்கி முன்பக்கம், பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டார். கேள்வி நேரம் முடிந்தால்தான் சாப்பாடு. வேதியியல் துறையின் பிரிட்சர்ட் ஐயா, அதோ மேடையில் நெளிகிறாரே அவர்தான், பசி தாங்காமல் எழுந்து நடந்தார்.

"எங்க போறீங்க பிரிட்சர்ட்? கேள்வி கேட்டீங்களா?"

"எனக்கு சர்க்கரை வியாதி, ஒடெஸா."

"அப்ப சீக்கிரமா கேளுங்க. சின்னக் கேள்வியா இருந்தாலும் பரவாயில்ல!"

கூடமே சிரித்தது. வேறு வழியில்லாமல் அவர் ஏதோ கேட்டார். பேசிக்கொண்டிருந்த பெண் சொன்ன பதிலைக் கேட்டு இன்னொன்று கேட்டார். பிறகு சாப்பாட்டையே மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இன்று அவர் துறையிலேயே பேராசிரியர். பிரிட்சர்ட் ஐயா, வெளியூர் அறிஞர் வருடத்துக்கு ஒருமுறை வந்து போயிருந்தால் அந்தப் பெண் உங்கள் கண்ணில் பட்டிருப்பாரா? சொல்லுங்கள்! ஆனால் நினைவுச் சொற்பொழிவுக்கு முதலில் கைதட்டியவர் நீங்கள்!

டீன் அவர்களோ ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. வருவார், பேசப்போகிறவரின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார், கிளம்பிவிடுவார். பல்கலைக்கழக விளம்பரத் தாள்களில் எங்கள் முகங்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். "படம் பிடிச்சுட்டுப் போறதுக்கு இது என்ன கல்யாண வீடா?" என்று ஒடெஸா முகத்துக்கு நேராகவே கேட்பார். இவர் சிரிப்பார். இன்றைக்கும் இங்கே வந்ததும் ஒடெஸாவின் படத்தோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை. பேசியிருக்க வேண்டியவர் முனைவர் யெசேனியா ஒரோஸ்கோ. வருகிற மே மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் குழு அவர் பேச்சைக் கேட்க வருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. குழுவின் கூட்டம் திங்கட்கிழமை. டீன் அலுவலகம் பேச்சை ரத்து செய்துவிட்டது. ஏன் என்றால் துக்கத்துக்கு மரியாதையாம்! யார் துக்கம்? ஆஸ்பத்திரியில் ஒடெஸா என்னிடம் கடைசியாகக் கேட்டது என்ன தெரியுமா? வெர்லீன் அக்கா பக்கத்தில்தான் இருந்தார். "வெண்டெல், யெசேனியா பேச்சு நடக்குமில்ல? யாராவது பல்லை இளிச்சுக்கிட்டு வந்து நிறுத்தப் பாப்பாங்க. விட்டுடாதே" என்றார். நடக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், அவையோரே! ஒடெஸாவின் வேலை நிற்காது. இந்தக் கட்டடத்தைப் பூட்டினால் ஊர் நூலகத்தில் நடத்துவோம். நூலகம் மறுத்தால் தேவாலயத்துக் கூடத்தில் நடத்துவோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடத்துவோம். நேற்று நடக்காமல் போனதை இன்றே நடத்துவோம். வேலைக்குழுவில் உள்ள அத்தனை பேரும் இந்த மேடையில்தானே இருக்கிறார்கள்? கூட்டம் நிறைந்திருக்கிறது. யெசேனியாவின் பையில் கணினியும் இருக்கிறது.

என்ன டீன் அவர்களே? உங்கள் ஒலிவாங்கியை அணைக்கவில்லை, எல்லோருக்கும் கேட்கிறது.

"வெண்டெல், இது இரங்கல் கூட்டம்ப்பா. இது அதுக்கான இடமில்ல. அந்தம்மா குடும்பத்துக்கு சங்கடமா இருக்கும்."

குடும்பத்தையே கேட்டுவிடுவோமே. வெர்லீன் அக்கா, உங்களுக்குச் சங்கடமா?

"எனக்கென்னப்பா சங்கடம்? காலையில வந்ததும் அந்தச் சாப்பாட்டு மேஜையை முன்னால இழுத்துப் போட்டது நான்தானே! கூடத்துக்குப் பின்பக்கம் போட்டா என் தங்கச்சிக்குப் பிடிக்காது. வறுத்த கோழி ஆறுது, சட்டுனு ஆரம்பிங்க."

கேட்டீர்களா? டீன் அவர்களே, கிளம்பிவிட வேண்டாம். மேடையைவிட்டு இறங்கி வெர்லீன் அக்கா பக்கத்தில் அந்தக் காலி நாற்காலியில் உட்காருங்கள். துறைத் தலைவர்களே, நீங்களும் இறங்குங்கள். உங்களுக்குப் பின்னால் இருக்கும் திரை தெரிய வேண்டும்.

அறிமுகத்தை ஒடெஸா வழக்கப்படியே செய்கிறேன். இவர் பெயர் முனைவர் யெசேனியா ஒரோஸ்கோ. இவருடைய கேள்வி: நம் சோளக் காடுகளில் கொட்டும் உரம் கிணற்று நீரில் இறங்க எத்தனை காலம் ஆகும், அதைக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தத்தில் என்ன செய்யும்?

வாம்மா யெசேனியா. பேசு.

டீன் அவர்களே, முதல் கேள்வி உங்களுடையது.