என் வரியும் எருமைக் கிடாவும்

மாலையும் குல்லாவுமாக மலைபோல் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! பெயரைக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். மேளத்தோல் கிழியக் கிழிய அடித்த தையற்காரர் குமானே அவர்களே! போருக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு மறு காலோடு மலையிறங்கி வந்த வில்பகாதுர் தம்பியே! அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்று சுட்டு, இன்று அவனோடு ஒரே தட்டில் சோளப்பொரி தின்னும் போலீஸ் நந்தலாலே! என் ஓரகத்தி மன்சரியே! அடுப்பில் பானையை வைத்துவிட்டு வந்து தவிக்கும் தாய்மார்களே! எழுந்திருக்காதீர்கள், அடிப்பிடித்தால் மணம் இங்கேயே வரும்!

போன வருடம் அசோஜ் மாதம் மூன்றாம் நாள், நம் நேபாளம் புதிய அரசியல் சாசனத்தை ஏற்ற அந்த மாலையில், இந்தப் பள்ளித் திடலில் நீங்கள் அத்தனை பேரும் இருந்தீர்கள். யார் எந்தக் கல்லில் உட்கார்ந்தீர்கள் என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது.

எத்தனை வருடம் காத்தோம்! சாசனம் வரும் என்று தேதி சொல்வார்கள். நாம் கேழ்வரகுச் சாராயம் காய்ச்சுவோம். தேதி தள்ளிப்போகும். சாராயம் தள்ளிப்போகுமா? குடித்தோம்! மறு தேதி சொன்னார்கள், மறுபடி காய்ச்சினோம், மறுபடி குடித்தோம்! சாசனம் வராமலே சாசனத்தைக் கொண்டாடிய ஊர் இந்த ரோல்பா மலையில் நம்மைத் தவிர வேறு உண்டா? யாரப்பா அங்கே, "இன்னும் இருக்கா" என்பது? இருக்கிறது, பேச்சு முடியட்டும்!

அதற்கெல்லாம் முன்பு, காத்மாண்டுக்காரர்கள் காகிதக் கட்டோடு வந்தார்கள். "சாசனத்தில் என்ன இருக்க வேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்றார்கள். நாம் என்ன செய்தோம்? தெய்வத்திடம் வரம் கேட்பதுபோல் கேட்டோம்! குமானே தையல் எந்திரம் கேட்டார். மன்சரி நல்ல மருமகளைக் கேட்டாள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. என் கடைசி மகள் பபிசரா வயிற்றில் இருந்தபோது போர் நடந்தது; அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவே இல்லை. வீடு எரிந்தது, அவருடைய காகிதங்களும் எரிந்தன. குடியுரிமைக்குப் போனால், "அப்பனைக் கூட்டிட்டு வா" என்பார்கள். எங்கே போய்க் கூட்டி வருவேன்? எனக்கு எழுத்துத் தெரியாது. எழுதத் தெரிந்த என் கொழுந்தனார் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். "அம்மா பேரு போதும்னு எழுதுங்க" என்றேன்.

"எழுதிட்டேன் அண்ணி. முத்து முத்தா எழுதிட்டேன்."

நம்பினேன்.

விளக்கேற்றிய அந்த மாலையில் வானொலி சொன்னது: தகப்பன் தட்டுப்படாத பிள்ளைக்குத் தாய் வழியாகவே குடியுரிமை! ஆடினேனா இல்லையா? "நான் எழுதச் சொன்ன வரி! என் வரி!" என்று திடலை மூன்று சுற்று சுற்றினேன். நந்தலால்மேல் பாதிக் குங்குமத்தைக் கொட்டினேன். சாசனத்தில் தங்களுக்குப் பங்கில்லை என்று சமவெளியில் அன்று விளக்கை அணைத்துத் துக்கம் காத்தவர்களும் உண்டு. அதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் என் கால் நிற்கவில்லை.

அப்போது கொழுந்தனார், போதை தலைக்கேறி, காத்மாண்டுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தின் பழைய நகலை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். "நம்ம ஊரு கேட்டதை நானே வாசிக்கிறேன்!" வாசித்தார். என் பெயர் வந்ததும் முணுமுணுத்தார். பபிசரா வெடுக்கென்று பிடுங்கினாள். உரக்கப் படித்தாள்.

"தில்சரி ரோகா. நல்ல சாதி எருமைக் கிடா ஒன்று வேண்டும்."

மேளம் நின்றது.

"என்னங்க இது?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. ஆளுக்கு ஒண்ணுதான்னாங்க. என்னோடதுல ரோடு கேட்டுட்டேன். கிடாவுக்கு இடமில்ல..."

சிரிக்கிறீர்கள்! அன்றும் சிரித்தீர்கள்! மன்சரி சிரித்துச் சிரித்து விளக்கின்மேல் விழுந்தாள்!

ஆனால் தாய்மார்களே, நான் எருமைக் கிடா கேட்டேன் என்றால், என் மகளுக்காகக் கேட்டது யார்? எந்த மலையில் எந்தத் தாய்? எந்த ஆற்றங்கரையில் எந்த ஏழை? அவளுக்கும் எழுத்துத் தெரிந்திராது. அவளும் ஒருவனிடம் சொல்லித்தான் எழுத வைத்திருப்பாள். அவன் எழுதினான்! சொன்னதைச் சொன்னபடி எழுதினான்! அந்த முகம் தெரியாதவள் சொன்ன சொல்லால், தட்டுப்படாதவர் என்று என் புருஷனைப் பற்றி நானே சொல்லிக் கைநாட்டு வைத்து, நெஞ்சு எரிய எரிய, போன மாதம் இந்தக் குடியுரிமைச் சான்றை வாங்கி வந்தேன். எழுந்து நில், பபிசரா! தூக்கிக் காட்டு! பார்த்தீர்களா? என் பெயர்! அச்சில், என் பெயர்!

அந்த முகம் தெரியாத தாய்க்கு என் முதல் வணக்கம். ஆடியவர்களுக்கும், அழுதவர்களுக்கும், விளக்கில் விழுந்தவளுக்கும் நன்றி. சுட்டவனையும் சுடப்பட்டவனையும் ஒரே தட்டில் உண்ண வைத்துவிட்டோம். எல்லோரையும் மன்னித்தேன், ஒருவரைத் தவிர. கிடாவும் இன்றுவரை வரவில்லை. வந்தாலும் மன்னிக்க மாட்டேன், தலைவர் அவர்களே, என் கொழுந்தனாரே, தேகபீர் ரோகா!