நிற்காமல் போன கார்கள்

– அதுக்குன்னு போட்டாவக் கமுத்தியா வைப்பாங்க மச்சான்? இனாயா பாத்துட்டு, "அத்தா மேல யாருக்கும்மா கோவம்"னு கேக்குறா.

– எனக்குத்தான். விடு ஹஃபீசா. அப்படியே கெடக்கட்டும்.

– ஆரஞ்சு உடுப்பு போட்டு, பின்னாடி ரேஸ் காரு நிக்க எடுத்த போட்டா. பஹ்ரைன்லேர்ந்து அது வந்த அன்னைக்கு நீங்க போன்ல பேசுன பேச்சு எனக்கு இன்னும் காதுல இருக்கு. இப்ப டிவியையும் அணைச்சிட்டு உக்காந்திருக்கீங்க. லீவுல வந்து எறங்குனதுமே கேபிள்காரன்கிட்ட சொல்லி வச்சீங்களே, இந்த ஞாயித்துக்கெழம பிரான்சு ரேஸு இருக்கு, லைனக் கட் பண்ணிறாதப்பான்னு.

– பாக்கப் புடிக்கல.

– பேப்பர்ல அந்தச் செய்தி வந்ததுலேர்ந்து இப்படித்தான். வாயில வச்ச சோறு எறங்க மாட்டேங்குது. அல்லாவே, சிமெண்டு லாரி ஓடுற ரோட்டுல லாரி கவுறுறது புதுசா?

– லாரி கவுந்ததப் பத்தி நான் பேசல. அது எரியிறப்ப உள்ள ஆளு இருந்திருக்கான், கருகிச் செத்துட்டான். அரும்பாவூர்க்காரனாம். வீரமுத்துன்னு பேரு போட்டிருக்கு.

– கார்ல தாண்டிப் போன நமக்கெப்படித் தெரியும்? காக்கிச் சட்டை போட்ட ஒருத்தரு கதவோரம் நின்னாரு. அவருதான் டிரைவருன்னு நெனச்சோம். அல்ஹம்துலில்லா, தப்பிச்சிட்டாருன்னு நான் வாய்விட்டே சொன்னேன்.

– சொன்ன. அதான் என்னைய தூங்க விடல. ஹஃபீசா, ஒண்ணு சொல்றேன், கேளு. குறுக்க பேசாம கேளு.

– சொல்லுங்க.

– ரேஸ் டிராக்குல எங்க வூட்டுக்காரரு கொடி புடிக்கிறாருன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கியே, அங்க கொடி மட்டுமா புடிக்கிறேன்?

– தெரியும். தீ அணைக்கிற சிலிண்டரு பக்கத்துல இருக்கும். வருஷம் முழுக்க கம்பெனி ஸ்டோர்ல வேலை, ரேஸு நடக்குற வாரம் மட்டும் சம்பளமில்லாம போயி வெயில்ல நிக்கிறீங்க. காசில்லாத வேலைக்கு இவ்வளவு ஆசையான்னு எங்கத்தா கூடச் சிரிச்சாரு.

– நிக்க விடுறதுக்கு முன்னாடி எங்களுக்கு கிளாஸ் எடுத்தாங்க. மொத நாளே லைட்ட அணைச்சிட்டு ஒரு பழைய ரேஸப் போட்டுக் காட்டுனாங்க. ஹாலந்துல ஜான்ட்வோர்ட்னு ஒரு எடம். கடலோரம், மணல் மேடு, கூட்டமோ கூட்டம். எழுபத்து மூணாம் வருஷம். நான் பொறந்த வருஷம்.

– ம்.

– ரோஜர் வில்லியம்சன்னு ஒரு சின்னப் பய. அவனுக்கு அது ரெண்டாவது கிராண்ட் பிரீ. எட்டாவது ரவுண்டுல காரு தடுப்புல மோதி, தலைகீழாக் கவுந்து, தேச்சுக்கிட்டே போயி தீப்புடிச்சிருச்சு. ஆளுக்குப் பெருசா அடியில்லங்குறாங்க. காரு மேல கெடக்கு, வெளிய வர முடியல. அவ்வளவுதான்.

– யா அல்லா.

– பின்னாடி வந்தவன் டேவிட் பர்லின்னு ஒருத்தன். அவன் தன்னோட காரை ஓரங்கட்டிட்டு, மத்த காரெல்லாம் பறந்துக்கிட்டு இருக்கிற டிராக்குல குறுக்க ஓடுறான். எரியிற காரை ஒத்தையா நிமித்தப் பாக்குறான். அசையல. சிலிண்டர வாங்கி அடிக்கிறான். சிலிண்டர் தீந்துபோச்சு, தீ அணையல. மறுபடி காரைத் தள்ளுறான். அங்க நின்ன டிராக் ஆளுங்களுக்கு தீ தாங்குற உடுப்பு கெடையாது, அண்ட முடியல.

– மத்த காரெல்லாம்?

– போச்சு. ரேஸ நிறுத்தல. சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வர்றாங்க, பொகையத் தாண்டிப் போறாங்க. திரும்பவும் வர்றாங்க, போறாங்க. இவன் கைய ஆட்டி நில்லு நில்லுங்குறான். ஒருத்தன் நிக்கல.

– மனுசங்களா அவனுங்க?

– நல்ல மனுசங்கதான் புள்ள. அதுதான் என்னையப் போட்டு அறுக்குது. ஏன் நிக்கல தெரியுமா? ஹெல்மெட்டோட கார் பக்கத்துல நிக்கிற பர்லிதான் அந்தக் காரோட டிரைவருன்னு நெனச்சிட்டாங்க. ஆளு வெளிய வந்துட்டான், வெறுங் காருதான எரியுதுன்னு போயிட்டாங்க.

– மச்சான்...

– அன்னைக்குத்தான் ஜாக்கி ஸ்டூவர்ட், உலகத்துல அதிக ரேஸு ஜெயிச்ச ஆளுன்னு ரெக்கார்டு போட்டாரு. அது யாருக்கு ஞாபகம் இருக்கு? அந்த ரேஸுன்னாலே பர்லி கைய விரிச்சிக்கிட்டு நடந்து போறதுதான் கண்ணுல நிக்கும். அவனுக்கு அப்புறமா மெடல் குடுத்தாங்க. காப்பாத்த முடியாதவனுக்கு மெடலு எதுக்கு?

– எல்லா ரேஸுலயும் இப்படித்தான் வுட்டுட்டுப் போவாங்களா?

– இல்லயே! மூணு வருஷம் கழிச்சு ஜெர்மனியில நிக்கி லாடா காரு இதே மாதிரி எரிஞ்சுது. பின்னாடி வந்த டிரைவருங்க நாலு பேரு நிறுத்திட்டு ஓடியாந்து, தீக்குள்ள கைய விட்டு இழுத்துப் போட்டாங்க. மூஞ்சியெல்லாம் வெந்துபோச்சு. ஒன்றரை மாசத்துல அந்த மனுசன் கட்டோட வந்து ரேஸு ஓட்டுனாரு. நின்னாங்க, பொழைச்சாரு. வேற ஒண்ணும் இல்ல.

– அவங்க ஆம்பளைங்க மட்டும் இருந்தாங்க. நம்ம கார்ல புள்ள இருந்துச்சு.

– ரெண்டு ரேஸையும் காட்டி முடிச்சிட்டு வாத்தியாரு சொன்னதக் கேளு. வெளிய ஒருத்தன் நிக்கிறான்னா உள்ள யாருமில்லன்னு முடிவு கட்டாத, கிட்டப் போயி எட்டிப் பாருன்னாரு. அதான் மொத பாடம். வருஷா வருஷம் ரேஸுக்கு முன்னாடி அதையே சொல்லுவாரு. நானும் தலையாட்டிக் கேட்டுட்டு வந்திருக்கேன். நம்ம லப்பைக்குடிக்காட்டுலயே அந்தப் பாடம் படிச்சவன் நான் ஒருத்தன்தான்.

– நீங்க பிரேக்க மிதிச்சீங்க. நான்தான் போங்க போங்கன்னு கத்துனேன். டீசல் டேங்கு வெடிச்சிரும்னு பயந்துட்டேன். பாவம்னா அது என்னைய சேரட்டும்.

– ஸ்டியரிங் யாரு கையில இருந்துச்சு?

– ஒங்க கையிலதான். ஆனா பக்கத்துல ஒக்காந்து கத்துனது நானு.

– கண்ணாடிய எறக்குனேன். அந்தக் காக்கிச் சட்டைக்காரரு என்னையப் பாத்து ரெண்டு கையையும் ஆட்டுனாரு. நான் என்ன செஞ்சேன்? நானும் கையத் தூக்கிக் காட்டுனேன். சரி, சரிங்குற மாதிரி. காட்டிட்டு கியரப் போட்டுட்டேன்.

– பயத்துல செஞ்சது மச்சான்.

– சட்டப்பையில செல்லு இருந்துச்சு. நூத்தி ஒண்ண அமுக்க எவ்வளவு நேரமாவும்? குன்னத்துல கடையோரமா நிறுத்தி இனாயாவுக்கு பிஸ்கட்டு வாங்குனேன். அந்தக் கடைக்காரர்கிட்டயாவது சொன்னேனா? நான் பாட்டுக்கு சில்லறையப் பொறுக்கிட்டு வந்துட்டேன்.

– இருங்க, வாசல்ல யாரோ கூப்புடுறாங்க.

– வூட்ல யாருங்க? அக்கா, காமில் அண்ணன் சொன்ன வூடு இதானுங்களா?

– காமில் என் தம்பிதான். நீங்க யாரும்மா?

– என் பேரு வெற்றிச்செல்விங்க. குன்னத்துக்கு இந்தப் பக்கமா நம்ம ஊரு. கார் ஸ்டாண்டுல அவுங்கள வெசாரிச்சேன். வியாழக்கெழம சாயந்திரம் அவுங்க வெள்ள அம்பாசிடர எடுத்துக்கிட்டுப் போனது எங்க மச்சான்னு சொல்லி, இந்த வூட்டக் காட்டுனாங்க.

– அவரு வந்து... அவரு வூட்ல இல்லம்மா. வெளிய போயிருக்காரு.

– இங்கதான் இருக்கேன். உள்ள வாம்மா, உக்காரு.

– மச்சான், செத்த இங்க வாங்க. அடுத்த வாரம் பிளைட்டு. போலீசு, கேசு, சாட்சின்னு எதுலயாவது இழுத்து விட்டுட்டா வேலை என்னத்துக்கு ஆவும்?

– ஐயோ, போலீசெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அண்ணனப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போவலாம்னுதாங்க வந்தேன்.

– கும்புடா? எனக்கா?

– லாரி எரிஞ்சப்ப நின்னாரே, காக்கிச் சட்டை, அவரு எங்க வூட்டுக்காரருங்க. ரஞ்சித்குமாரு. ரெட்டிபாளையத்துல சிமெண்டு மூட்டை ஏத்துறாரு. வேலை முடிஞ்சு டிவிஎஸ்ல வந்துக்கிட்டு இருந்திருக்காருங்க. லாரி கவுந்தத கண்ணால பாத்துட்டு வண்டியப் போட்டுட்டு ஓடியிருக்காரு.

– அப்ப அவருக்கு அந்த டிரைவர முன்னப்பின்ன தெரியாதா?

– பேரே பேப்பரப் பாத்துதாங்கக்கா தெரியும். டிரைவருக்கு காலு நசுங்கி மாட்டிக்கிச்சாம். இவரு இழு இழுன்னு இழுத்திருக்காரு. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோச்சுங்க. பெரம்பலூரு பெரியாஸ்பத்திரியில கெடக்காரு. நான்தான் சோறு ஊட்டுறேன்.

– அல்லா அவருக்கு லேசாக்கி வைக்கணும். தண்ணி குடிக்கிறியாம்மா?

– வேணாங்கக்கா. பஸ்ஸு, லாரி, காருன்னு எவ்வளவோ போச்சாம், ஒண்ணும் நிக்கலையாம். இவரையே டிரைவருன்னு நெனச்சிட்டாங்களோ என்னவோ. அண்ணன் ஒருத்தருதான் மெதுவாக்கி, கண்ணாடிய எறக்கி, இந்தா வரேன்னு கையக் காட்டிட்டுப் போனாங்களாம். வண்டிக்குப் பின்னாடி காமில்னு எழுதியிருந்தத அந்தப் பொகையிலயும் படிச்சிருக்காரு. அவரத் தேடிக் கண்டுபுடிச்சு ஒரு வார்த்த சொல்லிட்டு வான்னு உசுர வாங்குறாருங்க.

– என்ன வார்த்த?

– நீங்க சொல்லிவிட்டுத்தான அண்ணே தீ வண்டி வந்துச்சு? அது வந்து சேரக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. தூரம் அப்படி, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? லேட்டாயிடுச்சேன்னு அந்த அண்ணன் மனசு ஒடஞ்சு போயிருப்பாரு, அவரு மேல குத்தமில்லன்னு சொல்லிட்டு வான்னாரு.

– நான் போயி டீ போட்டாரேன்.

– நில்லு ஹஃபீசா. எங்கயும் போவாத. நீயும் இரு. தங்கச்சி, நான் சொல்றத கேளு. நான் யாரையும் கூப்புடல. போன் பண்ணல. வழியில யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லல.

– என்னங்கண்ணே சொல்றீங்க?

– ஒங்க வூட்டுக்காரரத்தான் நானும் டிரைவருன்னு நெனச்சேன். தப்பிச்சிட்டாருன்னு நெனச்சு வண்டிய எடுத்துட்டேன். தீ வண்டிக்கு யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கும்புடு எனக்கில்லம்மா.

– புள்ள பயந்து கத்துனா, தங்கச்சி. நான்தான் போங்கன்னேன். அவரு நிறுத்தத்தான் பாத்தாரு.

– அவ சொல்றத வுடு. அந்த எடத்துல யாரா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாங்கன்னு சொல்றதுக்குக் கூட எனக்கு வாயில்ல. எனக்கு இதே வேலைக்கு படிப்புச் சொல்லிக் குடுத்திருக்காங்க.

– அப்ப... நீங்க கையக் காட்டுனது?

– அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லம்மா.

– அழுவாதீங்கண்ணே.

– எந்திரி, போவலாம். காமிலுக்கு சொல்லி காரை வரச்சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு நானே வந்து, ஒங்க வூட்டுக்காரரு மூஞ்சியப் பாத்து இத அப்படியே சொல்லிடுறேன். அவரு திட்டட்டும். காறித் துப்பட்டும்.

– வந்து பாருங்கண்ணே, வேணாங்கல. ஆனா இத மட்டும் அவருகிட்ட சொல்லிராதீங்க. உள்ள கெடந்தவரு கையப் புடிச்சிக்கிட்டு, "வெள்ளக் காரு ஆளுங்களக் கூட்டியாரப் போயிருக்கு, இந்தா வந்துரும், பொறுத்துக்க"ன்னு, அவரு உசுரு போற மட்டும் இவருதாண்ணே சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு.