கீழ் ரூம் டிவி

— மெதுவாப் பேசுட்டி இசக்கிசெல்வி. அப்பா கீழ முழிச்சுதான் இருக்காரு.

— முழிச்சிருக்கட்டும் அண்ணே. அவரு ரூம் டிவிப் பொட்டிக்குள்ள ஒண்ணுமே கிடையாது. போட்டதும் இந்தா, உன் மாடிக் கம்ப்யூட்டர்ல இருந்துதான் எல்லாத்தையும் இழுக்கு. சரியா?

— சரிதான். நான் செட் பண்ணதுதானே. சிம்பிள் வேல.

— இதுல டிவி மெனு ரெண்டு வெர்ஷன் கிடக்கு. பழசுல பாட்டு இடப்பக்கம். புதுசுல வலப்பக்கம், கீழ. ஒரு நா அது வருது, ஒரு நா இது வருது. யாரு மாத்துதா?

— நான்தான்.

— எதுக்கு?

— சீசன் தொடங்கிட்டு. சாரல் விழுது. மெயினருவிக்கு நடந்து போற தூரத்துல வீடு. கீழ் ரூம் வாடகைக்கு இருக்கான்னு தினம் போன் அடிக்காங்க. இவரு என்னடான்னா, செத்தாலும் இந்தக் கட்டில்லதாங்காரு.

— அதுக்காவ?

— நான் ஒரு வார்த்த அதட்டலட்டி. அந்த ரூமுக்குள்ள கால்கூட வைக்கல. இங்கன இருந்தே ஒரு வரிய மாத்துவேன். காலைல, ‘துரை, பாட்டெல்லாம் எங்க போச்சு?’ம்பாரு. ‘எப்பவும் அங்கனதானப்பா இருக்கு’ம்பேன். ஒண்ணையே விட்டு வச்சா பழகிருவாருல்லா, அதான் மாத்தி மாத்தி. சிம்பிள்.

— அடப்பாவி! டாக்டர்ட்ட வேற கூட்டிட்டுப் போயி மறதி மாத்திரை வாங்கிக் குடுத்தியே!

— டாக்டர் கேட்டாரு, இவரே சொன்னாரு. நான் வாயே திறக்கல.

— மனுசன் தென்காசிக் கோயிலுக்குப் போறதையே விட்டுட்டாரு, வழி மறந்துருமோன்னு. நேத்து என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு. ‘திரும்ப மறந்துட்டேன், அண்ணன்ட்ட சொல்லிராத தாயி’ன்னாரு. 

— அதான் முதியோர் இல்லத்துக்கு அவரே சம்மதிச்சிட்டாருல்லா. நாளைக்கு வண்டி வருது.

— ஒரு வண்டியும் வராது. பழசப் போடு. போடுலே!

— அண்ணனையே ‘லே’ங்கியா? சரி, போட்டாச்சு. போயிக் காட்டு.

— நீயும் வா கீழ. அவரு முன்னால நில்லு... அப்பா!

— யாரு, செல்வியா? நான் எதையும் தொடல தாயி. டிவியத் தொடவே இல்ல.

— இந்தா, நானே போடுதேன். பாட்டு எங்க இருக்கு, சொல்லுங்க.

— இடப்பக்கம்... எல்லாம் முன்ன இருந்தாப்லயே இருக்கே!

— ஒங்களுக்கு மறதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தா நிக்கானே ஒங்க மவன், இவன்தான் மாடில இருந்துக்கிட்டு தினம் மாத்தி மாத்தி வச்சிருக்கான். ஒங்கள வெரட்டுறதுக்கு! கேளுங்க அவன்ட்ட!

— துரை...

— என்னப்பா?

— நீ எனக்குக் கெடுதல் பண்ணேன்னு செல்வி சொல்லுத மாதிரியெல்லாம் காதுல கேக்குய்யா. வியாதி முத்திட்டு போல. வண்டிய இன்னைக்கே வரச் சொல்லிரு.