வளையம் இல்லாமல் வண்டி போகாது

— பெஞ்சுல வச்ச வளையம் எங்க போகும், மங்களம்? மொகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள காணோம்.

— என்னையக் கேட்டா? நெத்திலி சம்பல் கொண்டாந்திருக்கேன், சாப்பிடுங்க.

— அதுல கோத்திருக்கிற பித்தளச் சாவி இல்லாம இஞ்சின அசைக்க முடியாது புள்ள. மெயில் வண்டிக்கு முன்னாடி நான் போய் லைன் சரியா இருக்கான்னு பாத்தாகணும்.

— அசையாட்டிப் போகுது. போன வாரம்தான் காட்டுல ஒளிஞ்சிருக்கிற துப்பாக்கிக்காரனுங்க தண்டவாளத்தப் பேத்துப் போட்டானுங்க. மெயில்ல வர்றவுங்க பொழைக்க எம் புருஷன்தான் முன்னாடி போகணுமா? எனக்குப் பயமா இருக்குங்க.

— மண்ணு மூட்ட வண்டிய முன்னால தள்ளிக்கிட்டு நத்தையாட்டம் போறேன். ரெண்டு வருசமா ஒரு கீறல் உண்டா? நீ ஏன் வெயில்லயே உக்காந்திருக்க? நெழலுக்கு வா.

— எனக்கு வெயில்தான் புடிக்குது.

— பிச்சைமுத்து அண்ணே, ஸ்டேஷன் மாஸ்டர் கத்துறார் லா. சாவி கெடைக்காட்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டுப் பேசி, லைன் காலியா இருக்குன்னு சீட்டு எழுதித் தர்றாராம். அத வச்சுக் கெளம்பணுமாம்.

— என்ன சிவசாமித் தம்பி, சாவி இல்லாமலே ரயில் போகுமா?

— போகும் அண்ணி. சீட்டு போதும்.

— அதுவும் சாவி மாதிரி பத்திரம்தானே?

— எங்க அண்ணி? இது ஒத்த லைன், ஒரு சாவி வெளிய இருந்தா ரெண்டு ஸ்டேஷன்லயும் சாவி தர்ற மிஷின் பூட்டிக்கும். அடிச்சுக் கேட்டாலும் இன்னொண்ணு தராது, எதுக்க வண்டி வராது. போன்ல பேசுறவன் மனுசன் லா. தூக்கம் வரும், மறதி வரும். எங்க மாமா ஓட்டுன காலத்துல ஒருத்தன், எதுக்க கூட்ஸ் வர்றத மறந்துட்டு சீட்டு எழுதிட்டான். பத்தடியில ரெண்டு இஞ்சினும் நின்னுச்சு. மாமா எறங்கிப் போய் எதுக்க வந்த டிரைவர்கிட்டயே சுருட்டு வாங்கிப் புடிச்சாராம்.

— வாய மூடுடா சிவசாமி. அவளே பயந்து கெடக்கா. போய் சீட்ட வாங்கியா, நான் கெளம்புறேன்.

— தம்பி, நில்லுங்க. சீட்டெல்லாம் வேணாம்.

— ஏன் மங்களம்? சாவியும் இல்ல, சீட்டும் வேணாமா? அப்ப நான் எதை வச்சுப் போறது?

— சொல்றேன். ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. இவ்வளவு நேரமா அது மேலதான் உக்காந்திருக்கேன்.