நான்கு டொக்ரர்மார் ஏறிய வள்ளம்

(நீர்வேலியில் ஒரு வாசிகசாலையின் விளையாட்டு விழாவில் பாலேஸ்வரி பஞ்சலிங்கம் ஆற்றிய உரை, 1992)

நடுநாயகமாக வீற்றிருந்து, நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவோருக்கு மணிக்கூட்டைக் காட்டும் எங்கள் விழாத் தலைவர், ஓய்வுபெற்ற விதானையார் கந்தப்பு ஐயா அவர்களே, இந்த வாசிகசாலையைக் கல்லுக்கல்லாய்க் கட்டி எழுப்பிய பெரியோர்களே, உலையை ஏற்றிவிட்டு அயல்வீட்டுக்காரியிடம் பார்க்கச் சொல்லி வந்திருக்கும் அன்னையர்களே, காலையிலிருந்து கரம் பலகையை விட்டு அசையாத காளையர்களே, வேலிக்கு அப்பால் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் உடுவிலிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த பாலேஸ்வரியின் வணக்கம்.

ஒலிபெருக்கி இல்லை என்று அமைப்பாளர்கள் கவலைப்பட்டார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் ஒலிபெருக்கிக்கு எங்கே போவது? நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவள். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை இது. பின்வரிசைக்குக் கேட்கிறதா? ஓம் என்கிறீர்கள். நல்லது.

என் கையில் இருப்பது என்ன? புத்தகமா? புத்தகம்தான். விளையாட்டா? விளையாட்டும்தான். முப்பத்திரண்டு பக்கம். அச்சுத்தாள் கிடைக்காத காலத்தில் கோடுபோட்ட கொப்பித்தாளில் அச்சடித்தது. எழுதியவள் நான், எழுத்துக் கோத்தவள் நான், காலால் மிதித்து இயந்திரத்தை ஓட்டியவர் என் கணவர். பிழை இருந்தால் எனக்கு, முழங்கால் நோவு அவருக்கு. இதன் பெயர் 'மறுகரை'.

எப்படி விளையாடுவது? ஒருவர் கதை சொல்வார். நான்கு பேர் அந்தக் கதைக்குள் ஆட்களாக இறங்குவார்கள். நீ வள்ளமோட்டி, நீ தச்சன், நீ மருத்துவச்சி என்று ஆளுக்கொரு அட்டை. காய்ச்சல் பரவிய ஒரு தீவுக்கு மருந்து கொண்டுபோக வேண்டும். வழியில் என்ன நடக்கும் என்று கதைசொல்லி கேட்பார். என்ன செய்வேன் என்று நீங்கள் சொல்வீர்கள். அது கைகூடுமா கூடாதா என்பதற்கு இந்த ஆறு சோகியையும், சோழி என்றும் சொல்வார்கள், குலுக்கி எறிவோம். மூன்று நிமிர்ந்தால் நினைத்தது நடக்கும்.

சோகியைக் கண்டதும் முன்வரிசையில் ஒரு பெரியவர் சூது என்கிறார். ஐயா, சூதில் வெல்ல ஒன்று இருக்கும். இதில் வெல்ல ஒன்றும் இல்லை, வகுப்பில் போல முதலாம் பிள்ளை இல்லை, கடைசிப் பிள்ளையும் இல்லை. பிறகு என்னத்துக்கு விளையாடுவது என்று அவர் கேட்கிறார். அதைச் சொல்லத்தான் இந்த வெய்யிலில் வந்தேன்.

முதல் ஆட்டம் என் வீட்டு விறாந்தையில் நடந்தது. என் கணவர், என் தங்கை குணலட்சுமி, பக்கத்து வீட்டு ஆசிரியர் சிவசுப்பிரமணியம், இந்த ஊர் வாழைத்தோட்டக்காரர் ஏரம்பு அண்ணை. பன்னிரண்டு தொழில் அட்டைகளை விரித்து, விரும்பியதைச் சொல்லுங்கள் என்றேன். முதலாமவர் டொக்ரர் என்றார். இரண்டாமவரும் டொக்ரர். மூன்றாமவள் பெண் டொக்ரர். நாலாவதாக ஏரம்பு அண்ணை, தான் பெரிய டொக்ரர் என்றார்.

சிரிக்கிறீர்கள். எந்த ஊரில் நடக்கும் இது? நாடிபார்க்க நான்கு பேர், நங்கூரம் தூக்க ஆளில்லை. அப்படியானால் வள்ளத்தை யார் வலிப்பது என்று கேட்டேன். ஏரம்பு அண்ணை யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நாங்கள் ஏன் வலிக்கிறது? கூலிக்கு ஒருத்தனைப் பிடிப்பம்."

கடல் நடுவில் கூலிக்கு ஆள் கிடைக்குமா? வள்ளம் சுழன்றது, சோகி கவிழ்ந்தது, மூன்றாவது எறியில் நான்கு டொக்ரர்மாரும் தண்ணீருக்குள். கதை கால் மணித்தியாலத்தில் முடிந்துபோனது.

அன்றைக்கே முதலாம் விதியை எழுதினேன். உங்கள் தொழிலை நீங்கள் எடுக்கக்கூடாது. உங்கள் பிள்ளைக்கு ஆசைப்படும் தொழிலையும் எடுக்கக்கூடாது. அன்னையர்களே, அந்தப் பெருமூச்சு எனக்குக் கேட்டது.

இரண்டாவது ஆட்டம் இங்கே, இந்த நீர்வேலியில். கடலோரக் குருநகரிலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்த பதினொரு குடும்பங்கள் பழைய புகையிலைக் குடில்களில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கடலோடி சந்தியோகு அண்ணையும் அவருடைய மாமி செபஸ்தியம்மாவும் பக்கத்துக் குடில்காரர் ஒருவரும் ஆட உட்கார்ந்தார்கள். ஏரம்பு அண்ணையையும் இழுத்துக்கொண்டு போனேன். விதிப்படி கடலோடிக்குக் கமக்காரன் அட்டை, கமக்காரனுக்கு வள்ளமோட்டி அட்டை. ஏரம்பு அண்ணையின் தோட்டத்துக்கும் சந்தியோகு அண்ணையின் குடிலுக்கும் இடையில் ஒரு வேலிதான். ஒரு வருடமாக இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அன்றைக்குக் கதைக்குள் சோளகக் காற்று எழும்பியது. ஏரம்பு அண்ணைக்கு வேறு வழியில்லை. திரும்பிக் கேட்டார்:

"தம்பி, சோளகம் அடிச்சால் பாயை விரிக்கிறதோ, சுருட்டுறதோ?"

சந்தியோகு அண்ணை சொல்லிக் கொடுத்தார். பிறகு அவர் தயங்கித் தயங்கி, வாழைக்கு எத்தனை நாளைக்கொரு தரம் இறைப்பது என்று கேட்டார். வள்ளம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் இருவரும் எழும்பவில்லை, மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். இடையில் நின்ற ஒற்றை வேலியை ஒரு வருடமாகத் தாண்டாத மனிதர்களை ஆறு சோகி தாண்டவைத்ததே, அதற்காகத்தான் ஐயா விளையாடுவது.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லவேண்டாம் என்று தலைவர் எனக்கு முதலே சொல்லியிருந்தார். மன்னிக்க வேண்டும், என் வாய்க்குப் பூட்டு இல்லை. சந்தியோகு அண்ணை ஒவ்வொரு நாளும் இந்த வாசிகசாலையின் யன்னலுக்கு வெளியே, தெருவில் நின்று பேப்பர் வாசிக்கிறார். உள்ளே வாங்கில் இடம் இருக்கிறது, ஆனால் ஊரவர் மட்டுமே அங்கத்தவர் என்று உங்கள் சங்க விதிகளில், யாப்பில், எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பவர் தாளைப் புரட்டும்வரை அவர் காத்து நிற்பதை நான் கண்ணால் கண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த விளையாட்டுக்கு ஞாயிறுதோறும் ஒரு மேசை தருவதாகச் சொன்னீர்கள். ஆனால் மேசை அங்கத்தவருக்கு மட்டும் என்றீர்கள். பாதிப்பேர் வெளியே நிற்க நான் யாருக்கு மறுகரை காட்டுவது?

தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். சரி ஐயா, பேச்சை விட்டு ஆடியே காட்டுகிறேன். இதோ மேசை, நான்கு கதிரை. ஏரம்பு அண்ணை, இருங்கோ. செபஸ்தியம்மா, இப்படி வாங்கோ. சந்தியோகு அண்ணை, வேலிப்பக்கம் நில்லாதேங்கோ, உள்ளை வாங்கோ. முணுமுணுக்காதீர்கள், விழாவுக்கு எல்லோரும் வரலாம் என்று நோட்டீசிலேயே போட்டிருக்கிறது. நாலாவது கதிரை? ஐயா, தலைவர் ஐயா, அது உங்களுக்கு.

வருகிறார். கை தட்டுங்கள்.

ஊருக்குத் தலைமை தாங்கிய விதானையாராக இருந்தவர் தலைவர் அட்டையை எடுக்க முடியாது. உங்களுக்குப் பயணி. சந்தியோகு அண்ணை, நீங்கள் தீவின் தலைவர். வள்ளம் நடுக்கடலில். சோகியை எறியுங்கள் ஐயா. இரண்டுதான் நிமிர்ந்தது. வள்ளம் உடைந்தது. நீந்தித் தீவில் ஏறிவிட்டீர்கள். கையில் ஒன்றும் இல்லை. எதிரே தீவின் தலைவர். என்ன சொல்கிறீர்கள்?

பின்வரிசைக்கு நான் திருப்பிச் சொல்கிறேன். தான் நீர்வேலிக் கந்தப்பு என்கிறார். ஐயா, அந்தத் தீவில் அந்தப் பெயரை ஒருவருக்கும் தெரியாது. தனக்கு வீடும் வளவும் இருக்கிறது என்கிறார். அதுவும் அங்கே தெரியாது.

கையிலுள்ள பயணி அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். கொஞ்சம் பொறுங்கள்.

இப்போது கேட்கிறார்: "ஒரு ஓரமாய் இருக்க விடுவியளோ?"

பதிலுக்காகத் தலைவரின் கை சோகிக்குப் போகிறது. வேண்டாம் ஐயா, வைத்துவிடுங்கள். என் புத்தகத்தின் கடைசி விதி இது. காற்றுக்குச் சோகி எறியலாம், கடலுக்கு எறியலாம், காய்ச்சலுக்கு எறியலாம். மனிதன் மனிதனுக்குச் செய்யக்கூடியதற்குச் சோகி எறிவதில்லை. அதை அவரவரே சொல்ல வேண்டும். தீவின் தலைவர் சொல்லட்டும்.

சந்தியோகு அண்ணை சொல்கிறார். மெல்லத்தான் சொல்கிறார், நான் உரக்கச் சொல்கிறேன்:

"ஓரமாய் ஏன்? நடுவிலை வந்து இருங்கோ."

யாரும் கை தட்டவேண்டாம். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். செயலாளரைக் கூப்பிடுகிறார். என்ன ஐயா? ஓம், சொல்கிறேன். சபையோரே, தலைவர் சொல்கிறார்:

"அங்கத்தவர் கொப்பியை எடுத்து வாரும். பதினொரு குடும்பத்தையும் எழுதுறது. யாப்பை நாளைக்குத் திருத்துவம்."

இப்போது தட்டுங்கள். இந்தப் பக்கமும் தட்டுங்கள், அந்தப் பக்கமும் தட்டுங்கள். வெய்யிலில் இருந்து கேட்ட உங்களுக்கும், சொல்லாதே என்றதைச் சொல்லியும் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் என் நன்றி. கொப்பி வந்துவிட்டது. மேசையைவிட்டு எழும்பி வணங்குகிறேன், சந்தியோகு அண்ணை இருந்து கையெழுத்து வைக்கட்டும்.