முன்னால் யாரும் இல்லாதவர்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். ஆனால் நின்றுகொண்டு பேசுவதுதான் எனக்குச் சௌகரியம். ஒரே இடத்தில் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பாடம் நடத்தும்போதும் நடந்துகொண்டேதான் நடத்துவேன்.

காந்திபுரத்தில் சீனிவாசலு நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் நானும் ரூபினாவும் ஆசிரியர்கள். தொண்ணூற்றாறில், ஒரு சிறுநீரக ஆஸ்பத்திரிக்காக ஒரு ப்ரோகிராம் எழுதினேன். அங்கே டயாலிசிஸ் மெஷின்கள் குறைவு, வருகிறவர்கள் அதிகம். காலையில் பெயர்களைத் தட்டினால், நிலைமை மிக மோசமானவர் முதலில் வரும்படி அது வரிசைப்படுத்தும். பெயர்கள் கைகோத்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவர் வந்தால், அவருக்கு முன்னால் நிற்பவரைத் தேடி அவர் கையில் இவரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அழகான வேலை, சொன்னால் உங்களுக்குப் புரியாது.

எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஒரே ஒரு வார்னிங் கொடுத்தது. ‘முன்னால் நிற்பவர்’ என்ற இடத்தில் ஆரம்பத்தில் எதையும் போடாமல் விட்டிருந்தேன். மாணவர்கள் எதிரிலேயே ரூபினா சொன்னாள்.

“ஏனுங்க சார், மொதல்ல நிக்க வேண்டியவங்களுக்கு முன்னால ஆருமே இல்லீங்களே. அங்க ஆருமில்லைன்னு போடாம உட்டா, மெமரில கெடக்கற குப்பையை ஆளுன்னு நெனச்சுக்குமுங்க. அவுங்க பேரே காணாமப் போயிருமுங்க.”

“வார்னிங்தானுங்க அம்மணி, எரர் இல்லையே” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை. வார்னிங்கே காட்டாதபடி கம்பைலரை மாற்றி வைத்த பிறகுதான் மனசு லேசானது.

கம்ப்யூட்டரை அப்போதுதான் போட்டிருந்தால் மெமரி காலியாக இருக்கும், ப்ரோகிராம் சரியாகவே ஓடும். அதனால் ஓட்டுவதற்கு முன் ஆஃப் செய்து ஆன் செய்ய ஆஸ்பத்திரி ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் போகிறவர்கள் அல்லவா, இதையும் சாஸ்திரமாகவே எடுத்துக்கொண்டார்கள். பல மாதம் ஒரு குறையும் இல்லை.

சம்பவத்தன்று யாரோ கடிதம் டைப் செய்துவிட்டு, அணைக்காமலே ஓட்டியிருக்கிறார்கள். நானும் அங்கே இருந்தேன்; வேறு ஆஸ்பத்திரிக்காரர்களைக் கூட்டி வந்து சீனிவாசலு என் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தார். கிணத்துக்கடவிலிருந்து வந்த சாந்தாமணி என்ற அம்மா வெளியே பெஞ்சில் சாய்ந்திருந்தார். முகம் வீங்கி, மூச்சு வாங்கியது. அவர் கணவர் லட்சுமணசாமி என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, எம்பட சம்சாரம் பேரை இன்னும் கூப்பிடலீங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

திரையில் அந்த அம்மாவின் பெயர் இல்லை. வந்தவர்களில் அவர் நிலைமைதான் மோசம் என்று அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. ஆஃப் செய்து ஆன் செய்திருந்தால் முதல் பெயராக வந்திருப்பார். ஆனால் ஏன் என்று சீனிவாசலு கேட்பார். ரூபினா இந்த விஷயத்தை அவர் காதிலும் போட்டு வைத்திருந்தாள்.

“வருமுங்க, உக்காருங்க” என்றேன். மறுபடியும் வந்து கேட்டார். மறுபடியும் மரியாதையாகவே பதில் சொன்னேன். நர்சும் கம்ப்யூட்டரைத்தான் நம்பினார். சாயங்காலத்துக்குள் அந்த அம்மா பெஞ்சிலேயே போய்விட்டார்.

முதல் விசாரணையில் ப்ரோகிராமை எழுதியது ரூபினா என்று சொன்னவன் நான்தான். அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள், நீங்கள் இங்கே கூட்டி வந்தீர்கள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் தாங்கிக்கொண்டேன். நேற்றுப் பேப்பரில் ‘இளம்பெண் உருவாக்கிய நவீன ப்ரோகிராம்’ என்று போட்டிருந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தயவுசெய்து திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்த ப்ரோகிராம் முழுக்க என்னுடையது. ரூபினா அதில் சேர்த்தது ‘முன்னால் யாருமில்லை’ என்ற ஒரே ஒரு வரி. அதையும் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் முன் நானே அழித்துவிட்டேன்.